ஸ்டேட் என்றதும் எழுந்து நிற்பவர்

சாம்ராஜ் அரசு வழக்கறிஞர் பதவியை விட்டதற்கு எங்கள் ஊரில் பல காரணங்கள் சொல்கிறார்கள். மேலிடத்தோடு மனஸ்தாபம் என்பார்கள். பெங்களூரில் பெரிய அலுவலகம் ஒன்று கூப்பிட்டது என்பார்கள். உண்மையான காரணம் ஒரு தட்டு பிரியாணி. இதை அவர் மனைவி லூயிசாவே சொன்னார். லூயிசா கணக்கு டீச்சர். கூட்டிச் சொல்லும் பழக்கம் பள்ளிக்கூடத்தோடு சரி.

சாம்ராஜ் எங்கள் சுரங்க ஊரின் கோரமண்டல் பகுதியில் பிறந்தவர். அப்பா மைசூர் மைன்ஸில் வைண்டிங் இன்ஜின் ஓட்டியவர். சுரங்கத்துக்குள் ஆட்களை இறக்கி ஏற்றும் கூண்டு அவர் கையில் இருந்தது. கீழேயிருந்து மணி வந்தால் யோசிக்காமல் கை லீவருக்குப் போக வேண்டும். அந்தப் பழக்கத்தில் வீட்டில் சைக்கிள் மணி கேட்டாலும் அவர் கை அசையும் என்று சாம்ராஜ் சிரித்துக்கொண்டே சொல்வார். அப்பாவின் கையைப் பற்றிச் சிரித்தவருக்குத் தன் கால்களைப் பற்றித் தெரியாமல் போனதுதான் இந்தக் கதை.

சட்டம் படித்து, பதினோரு வருடம் ஊரிலேயே தனியாகத் தொழில் செய்தார். பிறகு மாவட்ட அரசு வழக்கறிஞர் ஆனார். பன்னிரண்டு வருடம். வாரத்தில் மூன்று நாள் கோலார், இரண்டு நாள் ஊர்க் கோர்ட். மாவட்டத்தில் நிலத்துக்காகவோ, பென்ஷனுக்காகவோ, வாரிசு வேலைக்காகவோ அரசின் மேல் யார் வழக்குப் போட்டாலும் அரசுப் பக்கம் எழுந்து நின்றவர் அவர்தான். நன்றாகவே நின்றார். வழக்குப் போட்டவர்கள் பெரும்பாலும் தோற்றார்கள். தோற்றவர்களில் கோலார்க்காரர்கள் பஸ் ஏறி அவரவர் ஊருக்குப் போய்விட்டார்கள். எங்கள் ஊர்க்காரர்கள் எங்கே போவார்கள்? அவர் போகிற ரயிலிலேயே வந்தார்கள். அவர் போகிற சர்ச்சுக்கே வந்தார்கள்.

அந்த ஜனவரியில் சர்ச் ஹாலில் ஒரு கல்யாண விருந்து. வட்ட மேஜை, எட்டு நாற்காலி. பரிமாறுகிற பையன்களில் மேக்ஸ்வெல்லும் ஒருவன். பெங்களூருக்குத் தினமும் வேலைக்குப் போய் வருகிறவன். அப்பா செத்த பிறகு அரசுப் பள்ளியில் வாரிசு வேலை கேட்டு அவன் போட்ட வழக்கு, மனு தாமதம் என்று தள்ளுபடியாகி மூன்று வருடம் ஆகிறது. தாமதம் என்று எடுத்துச் சொன்னவர் சாம்ராஜ்.

மேக்ஸ்வெல் பிரியாணி வாளியோடு வந்தான். எல்லோருக்கும் போட்டான். சாம்ராஜ் தட்டில் சோறு மட்டும் விழுந்தது.

"தம்பி, பீஸ் ஒண்ணும் வரலியே?"

மேக்ஸ்வெல் வாளியைக் கீழே வைத்துவிட்டு, கோர்ட்டில் சாம்ராஜ் நிற்பதுபோலக் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். "பீஸ் விஷயமா எனக்கு இன்னும் இன்ஸ்ட்ரக்‌ஷன் வரல சார். ரெண்டு வாரம் டைம் குடுங்க. பைல் பண்ணிடறேன்."

மேஜை அதிர்ந்தது. எதிரே இருந்தவர் சிரிப்பில் புரையேறித் தண்ணீர் கேட்டார். "கவர்மெண்ட்டுக்கு ரைத்தாவாவது போடுப்பா, அதுக்கு நோட்டீஸ் வேணாம்" என்றார் இன்னொருவர். சாம்ராஜும் சிரித்தார். சிரித்தபடியே மேஜையைச் சுற்றிப் பார்த்தார். ஏழு பேரில் ஐந்து பேர் அவர் எதிர்த்து வாதாடித் தோற்கடித்தவர்கள். மீதி இரண்டு பேர் ஸ்கூல் பிள்ளைகள்.

அடுத்த மேஜையில் இருந்த லூயிசாவை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு கோரமண்டல் திரும்பினார். வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "லூயிசா, நான் ராஜினாமா பண்ணிடப் போறேன்."

"ஒரு மட்டன் பீஸுக்கா?"

"ஒண்ணு இல்ல. பக்கத்துல இருந்தவருக்கு நாலு போட்டான்."

மறுநாள் காலை அவர் போனது ரத்தினம்மாவிடம். இங்கே ஓர் அரசு அலுவலக வளாகத்தில், தூங்குமூஞ்சி மரத்தடியில், தகரக் கூரையின் கீழ் அந்த அம்மாவின் டைப்பிங் டேபிள் இருக்கிறது. அது எந்த அலுவலகம் என்பது இங்கே வேண்டாம். முன்பு டைப்ரைட்டர், இப்போது கம்ப்யூட்டர், பிரிண்டர், கரண்ட் போனால் ஓட ஒரு பேட்டரி. வயது ஐம்பத்தாறு. தாத்தா ஆம்பூர்ப் பக்கத்திலிருந்து சுரங்க வேலைக்கு வந்தவர். ரத்தினம்மா கன்னடத்திலும் இங்கிலீஷிலும் அடிப்பார், தமிழிலும் தெலுங்கிலும் திட்டுவார். அரசின் மேல் போடுகிற மனுக்கள் எல்லாம் அந்த டேபிளில்தான் பிறக்கும். அலுவலகத்துப் பிரிண்டர் வருடத்தில் பாதி நாள் கெட்டுக் கிடப்பதால், அரசின் பதில்களும் அங்கேதான் பிறக்கும்.

சாம்ராஜ் நின்றபடி சொல்லச் சொல்ல ரத்தினம்மா அடித்தார். கடைசி வரி வந்தது: மேற்சொன்ன காரணங்களால் எனது ராஜினாமாவை ஏற்றுக்கொள்ளுமாறு பணிவுடன் பிரார்த்திக்கிறேன்.

ரத்தினம்மா கையை எடுத்தார். "சார், மேல காரணமே ஒண்ணும் சொல்லலியே."

"காரணம் வேணாம்."

"அப்ப மேற்சொன்ன காரணம்னு இன்னாத்துக்கு?"

"பழக்கம், ரத்தினம்மா."

"பழக்கத்த உட்டுட்டுத்தான சார் போறீங்க? இந்தப் பிரார்த்தனையும் எடுத்துடறேன். ஏதோ ஸ்டே கேக்கற மாதிரி கீது."

கடிதம் மூன்று வரியில் முடிந்தது. ரத்தினம்மா அடித்ததிலேயே சுருக்கமான தாள் அதுதான் என்று அந்த அம்மாவே பிற்பாடு சொன்னார்.

நாற்பது நாளில் ராஜினாமா ஏற்கப்பட்டது. அவருக்குக் கீழே ஆறு வருடம் உதவி வழக்கறிஞராக இருந்த ஜெனிட்டாவுக்குப் பொறுப்புக் கொடுத்தார்கள். ஜெனிட்டாவுக்கு அவர் சொல்லிக்கொடுத்த தொழில் மொத்தமும் மூன்று வாக்கியம்: முதலில் எழுந்து நில். அப்புறம் டைம் கேள். அப்புறம் பைலைப் படி. கேலி இல்லை. அரசுப் பைல் ஒன்று கோர்ட்டுக்கு வந்து சேர்வதற்குள் வழக்கு இரண்டு முறை கூப்பிடப்பட்டுவிடும். பைல் வரும்வரை அரசைக் காப்பாற்ற அந்த மூன்று வாக்கியத்தை விட்டால் வேறு ஆயுதம் கிடையாது.

வீட்டு முன்னறையைச் சாம்ராஜ் அலுவலகம் ஆக்கினார். மூன்று மொழியிலும் பெயர்ப்பலகை. நாற்காலிகள் ஆறு. முதல் நாள் காலை எட்டு மணிக்கே தாமோதரன் வந்தார். ரிட்டையர்ட் ஆனவர். கையில் மஞ்சள் பை, பைக்குள் பட்டா வழக்கு.

சாம்ராஜ் முதல் பக்கத்தைப் புரட்டினார். முகம் மாறியது. "தாமோதரன், இத தள்ளுபடி பண்ண வெச்சதே நான்தானே?"

"ஆமா சார். அன்னிக்கு எப்படிப் பேசனீங்க! எனக்கே என் மேல சந்தேகம் வந்துட்சி. அதனாலதான் நேரா உங்ககிட்ட வந்துட்டேன். அதே மாதிரி இந்தாண்ட பக்கமா ஒரு தபா பேசுங்க."

"அது முடியாதுங்க. ஒரு வழக்குல ஒரு பக்கம் நின்னவன் அதே வழக்குல மறுபக்கம் நிக்கக் கூடாது. தொழில் விதி."

"யாருக்கும் சொல்ல மாட்டேன் சார்."

"கோர்ட்ல நின்னு பேசணும் தாமோதரன். யாருக்கும் தெரியாம எப்படிப் பேசறது?"

தாமோதரன் காபி குடித்துவிட்டுப் போனார். அடுத்தவர் வந்தார், பென்ஷன் வழக்கு. அதையும் இவர்தான் எதிர்த்தார். அதற்கடுத்து ஓர் அம்மா, நிலம் கையகப்படுத்திய வழக்கு. அதையும். மூன்று வாரத்தில் இருபத்து மூன்று பேர் அந்த நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். எல்லோரும் அவரிடம் தோற்றவர்கள். ஒருவருக்கும் கோபமில்லை. தங்களைத் தோற்கடித்தவர் தங்கள் பக்கம் வந்துவிட்டார் என்று அவர்களுக்கு ஒரே சந்தோஷம். அவர்தான் ஒவ்வொருவருக்கும் விதியை விளக்கி, காபி கொடுத்து அனுப்ப வேண்டியிருந்தது.

வேறு வகை வழக்குகள் அவரிடம் வரவில்லை. சுரங்கம் சம்பந்தப்பட்டவை எப்போதும் பெங்களூருக்குப் போகும். குடும்பத் தகராறுகளுக்கு ஊரில் இரண்டு பெண் வழக்கறிஞர்கள் இருந்தார்கள். செக் திரும்பிய கேஸுக்கென்றே பஸ் ஸ்டாண்டு மாடியில் ஒருவர். பன்னிரண்டு வருடம் அரசுக்கு மட்டும் நின்றவரை அரசோடு சண்டை போட்டவர்கள்தான் நினைவு வைத்திருந்தார்கள்.

லூயிசா பள்ளியிலிருந்து வந்ததும் காபி டம்ளர்களை எண்ணுவார். "ஏங்க, இன்னிக்கு எத்தனை பேரு?"

"நாலு."

"எத்தனை கேஸு?"

சாம்ராஜ் டம்ளர்களை எடுத்துக்கொண்டு கழுவப் போவார்.

"ஊர்ல ஒருத்தரையும் உடலியா நீங்க?"

"என் கடமையைத்தானே செஞ்சேன்."

"செஞ்சீங்க, செஞ்சீங்க. இனிமே உங்களுக்கு கேஸ் வேணும்னா யாராவது புதுசா பொறந்து, வளர்ந்து, கவர்மெண்ட்டோட சண்டை போட்டாத்தான் உண்டு."

லூயிசா விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் அன்று இரவுச் சாப்பாட்டின்போது சாம்ராஜ் ஊர்க்காரர்களை விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். ஊர்க்காரர் ஒருவருக்காவது ஊர்க் கோர்ட்டில் நிற்க வேண்டும் என்றுதான் அவர் பதவியை விட்டார். ஒருவர்கூட மிச்சமில்லை என்றால் விட்டதற்கு என்ன அர்த்தம்?

நான்காவது வாரம் வெள்ளிக்கிழமை ரத்தினம்மா வந்தார். செருப்பை வாசலில் விட்டார். நாற்காலியில் உட்காரவில்லை. ஒரு தாளை மேஜையில் வைத்தார்.

"நம்ம டேபிளைத் தூக்கச் சொல்லி நோட்டீஸ் குடுத்துட்டாங்க சார். ஏழு நாளு. அடுத்த வியாழக்கிழமையோட முடியுது. அந்த எடத்துல ஆபீசர் காருக்கு ஷெட் போடறாங்களாம். இருவத்திரண்டு வருஷமா அங்க உக்காந்துகினு கீறேன். இந்த வயசுல பேட்டரியத் தூக்கிகினு நான் எங்க போறது?"

சாம்ராஜ் தாளை வாங்கவில்லை. அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருந்தது. கேட்கவே பயமாக இருந்திருக்க வேண்டும், தொண்டையைச் செருமிக்கொண்டார். "ரத்தினம்மா, உங்களுக்கு எதிரா நான் எப்பவாவது ஆஜராகியிருக்கேனா?"

"எனக்கு ஏது சார் கேஸு? ஊரு கேஸ அடிக்கவே எனக்கு நேரம் பத்தல."

சாம்ராஜ் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார். "லூயிசா! காபி கொண்டா! இல்ல, பலகாரமும் கொண்டா!"

"அய்ய, நான் டேபிள் போவுதுன்றேன், இவரு இன்னா இப்படி சந்தோசப்படறாரு?" என்றார் ரத்தினம்மா, உள்ளேயிருந்து வந்த லூயிசாவிடம்.

பிறகு சாம்ராஜ் நோட்டீஸைப் படித்தார். இரண்டு முறை படித்தார். "சுத்தமா எழுதியிருக்காங்களே. ஒரு பிழைகூட இல்லை. யார் டைப் பண்ணது?"

"நான்தான்."

"என்னது?"

"அவங்க பிரிண்டர் கெட்டுப் போச்சு சார். கிளார்க்கு எழுதி எடுத்தாந்தாரு. கன்னடத்துல நாலு தப்பு. திருத்திக் குடுத்தேன்."

"உங்களைக் காலி பண்ணச் சொல்ற நோட்டீஸை நீங்களே திருத்தினீங்களா? தப்போட விட்டிருந்தா எனக்குப் பேச எதாவது கிடைச்சிருக்குமே அம்மா!"

ரத்தினம்மா நிமிர்ந்தார். "யாரு மேல நோட்டீஸா இருந்தா இன்னா சார்? நம்ம டேபிள்லேர்ந்து தப்பா ஒரு தாளும் வெளியே போவாது." கொஞ்சம் தணிந்து சேர்த்துக்கொண்டார். "காரணம் ஒண்ணும் போடலியேன்னு கேட்டேன். ஆபீசர் சாகேப் குடுத்தத அடிங்க, போதும்னாரு கிளார்க்கு. அடிச்சேன்."

சாம்ராஜ் பேனாவை எடுத்தார். டேபிள் போட ரத்தினம்மாவுக்கு வருடா வருடம் கொடுக்கப்படும் அனுமதிக் கடிதத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். அனுமதி அடுத்த மார்ச் வரை. இடையில் ரத்து செய்வதானால் காரணம் எழுத வேண்டும் என்று அதில் ஒரு வரி. நோட்டீஸில் காரணமே இல்லை.

"இதுதான் நம்ம வழக்கு" என்றார். "ஆனா இது முதல் நாளே தேவைப்படாது. திங்கட்கிழமை தாக்கல் பண்றோம், புதன்கிழமை கூப்பிடுவாங்க. ஜெனிட்டா எழுந்து டைம் கேட்கும். வேற வழியே இல்ல. பைல் எந்த மேஜையில எத்தனை நாள் தூங்கும்னு எனக்கு மனப்பாடம். புதன்கிழமைக்குள்ள ஜெனிட்டா கைக்கு வராது. அது டைம் கேட்ட உடனே நான் எழுந்து, அதுவரைக்கும் டேபிளைத் தொடக் கூடாதுன்னு உத்தரவு கேட்பேன். டைம் கேட்டவங்க அதை எதிர்க்க முடியாது. ஜெனிட்டா வாயைத் திறக்கிற வரைக்கும் நீங்களும் பேசாதீங்க, நானும் பேச மாட்டேன்."

"அவ்ளோதானா சார் வக்கீல் வேலை?"

"பேசாம இருக்கறதுதான் ரத்தினம்மா கஷ்டமான வேலை."

புதன்கிழமை கோர்ட் நிரம்பியிருந்தது. சாம்ராஜ் அரசை எதிர்த்து நிற்கப்போவதைப் பார்க்கவே பாதிப் பேர் வந்திருந்தார்கள். தாமோதரன் கடைசி பெஞ்சில் ஜன்னலோரம் இடம் பிடித்திருந்தார். நான் அப்போது ஜெனிட்டாவின் அலுவலகத்தில் ஜூனியராகச் சேர்ந்து இரண்டு மாதம். எங்களிடம் பைல் இல்லை. ஜெனிட்டா கைப்பையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, பைல் மாதிரி நெஞ்சோடு பிடித்துக்கொண்டார்.

பெஞ்ச் கிளார்க் கூப்பிட்டார்: "ரத்தினம்மா வர்சஸ் ஸ்டேட்."

ஸ்டேட் என்ற சொல் காதில் விழுந்ததும் சாம்ராஜ் எழுந்தார். ஒரே மூச்சில், ஆங்கிலத்தில், கண்ணியமான குரலில் சொன்னார்: "யுவர் ஆனர், இந்த வழக்கு ஏற்கத்தக்கதல்ல. அரசின் மேல் வழக்குப் போடுமுன் இரண்டு மாத நோட்டீஸ் தர வேண்டும், தரப்படவில்லை. பதிலுரை தாக்கல் செய்ய அரசுக்கு இரண்டு வாரம் அவகாசம் வேண்டும்."

சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

ஜெனிட்டா பாதி எழுந்தபடி அப்படியே நின்றார். அவர் சொல்ல வேண்டியதெல்லாம் சொல்லப்பட்டுவிட்டது, அதுவும் அவரைவிட நன்றாக.

பின்னாலிருந்து ரத்தினம்மாவின் குரல் வந்தது. "சார், நீங்க யாரு பக்கம்?"

சாம்ராஜின் காது சிவந்தது. கடைசி பெஞ்சில் யாரோ சிரிப்பை இருமலாக மாற்றினார்கள். ரத்தினம்மாவின் டேபிளுக்கு இன்னும் ஒரு நாள்தான் மிச்சம். அவர் வக்கீலே அவர் வழக்கு செல்லாது என்று சொல்லிவிட்டார்.

நீதிபதி தார்வாட் பக்கத்துக்காரர். சிரிப்பதில்லை என்று பெயரெடுத்தவர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்க அதிக நேரம் எடுத்துக்கொண்டார். "மிஸ்டர் சாம்ராஜ், உங்கள் ஆட்சேபணை பதிவாகிவிட்டது. வாதிக்கு ஆஜராவது யார்?"

சாம்ராஜ் எழுந்தார். "நான்தான், யுவர் ஆனர்."

"அப்படியானால் பதில் சொல்லுங்கள்."

"அவசர வழக்கு, யுவர் ஆனர். இரண்டு மாத நோட்டீஸிலிருந்து விலக்கு கேட்டுத் தனி மனு கூடவே கொடுத்திருக்கிறேன். மூன்றாவது பக்கம்."

"ஆட்சேபித்தவருக்கு இந்த மனு இருப்பது தெரியாதா?"

"தெரியும், யுவர் ஆனர். அவர்... பழக்கத்தில் சொல்லிவிட்டார்."

நீதிபதி மூன்றாவது பக்கத்தைப் பார்த்தார். பிறகு எங்கள் பக்கம் திரும்பினார். "அரசு என்ன சொல்கிறது?"

ஜெனிட்டா கையிலிருந்த வெள்ளைத் தாளைப் பார்த்தார். அதில் எழுதியிருந்தால்தானே? ஆறு வருடப் பயிற்சி அந்த நிமிடத்தில் கைகொடுத்திருக்க வேண்டும். நிமிர்ந்து சொன்னார்: "வாதியின் வழக்கறிஞர் சொன்னதை அரசு அப்படியே ஏற்றுக்கொள்கிறது, யுவர் ஆனர்."

இந்த முறை இருமல் யாருக்கும் கைகொடுக்கவில்லை. கோர்ட்டே சிரித்தது. பெஞ்ச் கிளார்க் குனிந்து ரப்பர் ஸ்டாம்பைத் தேடினார். அது மேஜை மேலேயே இருந்தது.

"இரு தரப்பும் ஒரே குரலில் இரண்டு வாரம் கேட்கிறீர்கள்" என்றார் நீதிபதி. "நான் எதற்கு மறுக்க வேண்டும்? விலக்கு மனு ஏற்கப்படுகிறது. இரண்டு வாரம். அதுவரை டேபிள் இருக்கிற இடத்திலேயே இருக்கும். சம்மதம்தானே?"

"சம்மதம்" என்றார்கள் சாம்ராஜும் ஜெனிட்டாவும், சேர்ந்து.

டேபிள் இரண்டு வாரத்துக்குத் தப்பியது. சாம்ராஜ் தப்பவில்லை. மறுநாள் கோரமண்டல் ஸ்டேஷனில் அவர் பிளாட்பாரத்தில் ஏறியதும் பெஞ்சில் இருந்த ஆறு பேர் ஒரே நேரத்தில் எழுந்து நின்றார்கள். டீக்கடையில் "ஸ்டேட்டுக்கு ஒரு டீ!" என்றார்கள். தாமோதரன் மட்டும் நியாயமாகப் பேசினார். "என் கேஸ இவருகிட்ட குடுக்காதது நல்லதாப் போச்சு. தோத்ததயே இன்னொரு தபா தோக்க வெச்சிருப்பாரு."

ரத்தினம்மா வீட்டுக்கே வந்துவிட்டார். இந்த முறை உட்கார்ந்தார்.

"சார், உங்கள மரியாதை கொறவா பேசறேன்னு நெனச்சிக்காதீங்க. நீங்க நல்லவரு. ஆனா இன்னொரு தபா அந்தாண்ட பக்கம் எழுந்தீங்கன்னா நான் வேற வக்கீல் பாத்துக்குவேன். கவர்மெண்ட்டுல இல்லாதவரா பாத்து."

"உத்தரவு நமக்குத்தானே வந்துது, ரத்தினம்மா?"

"அது உங்களால வந்துதா, நீங்க கெடுத்தும் வந்துதா?"

சாம்ராஜ் வாசலில் தொங்கிய பெயர்ப்பலகையைப் பார்த்தார். முதல் கட்சிக்காரி, ஊரிலேயே மிச்சமிருந்த ஒரே ஆள். அவரும் போனால் பெயர்ப்பலகையைக் கழற்ற வேண்டியதுதான்.

வைத்தியத்தை லூயிசா எடுத்துக்கொண்டார். மறுநாளிலிருந்து சாம்ராஜ் சாப்பிட உட்காரும்போது சமையலறையிலிருந்து "ஸ்டேட்!" என்று ஒரு குரல் வரும். முதல் நாள் ரசம் சட்டையில் கொட்டியது. இரண்டாம் நாள் நாற்காலி விழுந்தது. நான்காம் நாள் முட்டி மட்டும் மேஜையில் இடித்தது. ஷேவ் செய்யும்போது, ஷூ மாட்டும்போது, ஜெபத்துக்குக் கண்ணை மூடும்போதுகூட லூயிசா விடவில்லை. "அசைஞ்சீங்க, அசைஞ்சீங்க. எழுதிக்கறேன்" என்று காலண்டரில் பென்சிலால் கோடு போடுவார். பத்தாம் நாள் காலண்டரில் கோடு இல்லை. பதினொன்றாம் நாள் பக்கத்து வீட்டு டீவியில் செய்தி வாசிப்பவர் ஸ்டேட் என்று சொல்ல, அதற்கு எழுந்துவிட்டார். லூயிசா அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து வழக்கு வந்தது. ரத்தினம்மா லூயிசாவின் வைத்தியத்தை நம்பி வரவில்லை. கட்சிக்காரர்களுக்கான பெஞ்சை விட்டுவிட்டு, நேராக முன்னால் வந்து, சாம்ராஜின் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். பெஞ்ச் கிளார்க் முறைத்தார். "காது சரியா கேக்கல சாமி" என்றார் ரத்தினம்மா. ஊரில் அவர் காதுக்குத் தப்பிய பேச்சு எதுவும் கிடையாது.

"ரத்தினம்மா வர்சஸ் ஸ்டேட்."

சாம்ராஜின் தோள் அசைந்தது. உடல் நாற்காலியிலிருந்து நான்கு விரல்கடை எழும்பியது. கறுப்புக் கோட்டின் பின்பக்கம் விறைத்தது. ரத்தினம்மா இரண்டு கையாலும் பிடித்திருந்தார். சாம்ராஜ் உட்கார்ந்தார்.

ஜெனிட்டா எழுந்தார். இந்த முறை பைல் இருந்தது. பதிலுரையைக் கொடுத்தார். ஓரம் ஒரே அளவு, ஒரு பிழை இல்லை. அதை எங்கே அடித்தோம் என்று நீதிபதி கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஜெனிட்டா என்னைப் பார்த்திருப்பார், நான் ரத்தினம்மாவைப் பார்த்திருப்பேன்.

"பொதுமக்கள் வசதிக்காக அந்த இடம் தேவைப்படுகிறது" என்று ஜெனிட்டா வாசித்தார்.

ரத்தினம்மா கோட்டிலிருந்து கையை எடுத்ததும் சாம்ராஜ் எழுந்தார். ஏழெட்டு நிமிடம் பேசினார். டைம் கேட்காமல், தள்ளிவைக்கச் சொல்லாமல் அவர் தொடர்ந்து பேசி நான் கேட்டது அதுதான் முதல் முறை. அனுமதி மார்ச் வரை இருப்பதைக் காட்டினார். காரணம் எழுத வேண்டும் என்ற வரியைக் காட்டினார். காரணமே இல்லாத நோட்டீஸைக் காட்டினார். "பொதுமக்கள் வசதி என்பது பதிலுரையில்தான் முதல் முறை வருகிறது, யுவர் ஆனர். நோட்டீஸ் கொடுத்த அன்றைக்கு அந்தப் பொதுமக்கள் பிறக்கவே இல்லை."

நீதிபதி ஜெனிட்டாவைப் பார்த்தார். "அந்த ஷெட்டில் எத்தனை வண்டி நிற்கும்?"

ஜெனிட்டா பைலைப் புரட்டினார். "ஒன்று, யுவர் ஆனர்."

"யாருடையது என்று நான் கேட்கப் போவதில்லை."

உத்தரவு அங்கேயே சொல்லப்பட்டது. அனுமதி முடியும் வரை டேபிள் அங்கேயே இருக்கும். ரத்து செய்ய வேண்டுமானால் காரணம் எழுதி, அந்த அம்மாவின் பதிலைக் கேட்ட பிறகே செய்ய வேண்டும்.

சாம்ராஜ் வணங்கிவிட்டு வெளியேறத் திரும்பினார். முடியவில்லை. கோட்டு மறுபடியும் பிடிபட்டிருந்தது.

"விடுங்க ரத்தினம்மா. முடிஞ்சுது. ஜெயிச்சிட்டோம்."

"கையெழுத்து ஆவட்டும் சார். அதுக்குள்ள நீங்க எழுந்து ஆட்சேபணை சொல்லிட்டீங்கன்னா?"

அடுத்த திங்கட்கிழமை சாம்ராஜ் ஒரு மனுவை எடுத்துக்கொண்டு மரத்தடிக்குப் போனார். மைசூர் மைன்ஸ் பக்கத்திலிருந்து மனோகர் என்பவர் புதிதாக அவரிடம் வந்திருந்தார். இதுவரை அரசோடு சண்டை போடாதவர். அந்த ஒரு தகுதிக்காகவே லூயிசா அவருக்கு இரண்டு முறை காபி கொடுத்திருந்தார். மனோகரும் கூடவே வந்தார். டேபிள் முன்னால் ஒன்பது பேர் நின்றிருந்தார்கள். மூன்றாவது ஆள் அந்த அலுவலகத்துக் கிளார்க். சாம்ராஜ் வரிசையைத் தாண்டி நேராக முன்னால் போனார்.

ரத்தினம்மா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "கோர்ட்டுல நான் உங்க பார்ட்டி சார். இங்க நீங்க என் பார்ட்டி. பின்னால போய் நில்லுங்க."

சாம்ராஜ் பின்னால் போனார். மனோகர் போகவில்லை. தயங்கித் தயங்கி டேபிளருகே குனிந்தார். "அம்மா, ஒரு ஒதவி. நம்ம கேஸ் அன்னிக்கு நீங்களும் வருவீங்களா? சார் கோட்டப் புடிச்சிக்கறதுக்கு?"

ரத்தினம்மா என்டர் தட்டினார். பிரிண்டர் ஓட ஆரம்பித்தது.

"உன் கேஸுக்கு உன் பொண்டாட்டிய வரச் சொல்லு. ரெண்டு கையாலயும் புடிக்கணும். கைல பலம் கீதா அதுக்கு?"